அடுத்த வாரம் எங்க வீட்டுல

லில்லி டீச்சர் வீட்டுக் கூடத்தில் எல்லோரும் ஜமுக்காளத்தில் உட்கார்ந்திருந்தார்கள். தரையில் உட்காராதவர்கள் இரண்டே பேர். சுவர் மாடத்தில் சீரியல் பல்பு மினுங்க நின்றிருந்த மாதா சுரூபம் ஒன்று, வாசல் நிலையை ஒட்டிச் சக்கர நாற்காலியில் இருந்த இன்னாசி இன்னொன்று. உள்ளே வருகிறவர்கள் முதலில் மாதாவைப் பார்த்துக் கும்பிடுவார்கள், பிறகு திரும்பி இன்னாசியைப் பார்த்துச் சிரிப்பார்கள், பிறகு உட்கார்ந்து தங்களுக்குள் பேச ஆரம்பித்துவிடுவார்கள். மாதாவிடமும் யாரும் பதில் எதிர்பார்ப்பதில்லை, அவனிடமும் இல்லை. அவளாவது பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ், பொறுத்துக்கொள்வாள் என்று நினைத்தான் இன்னாசி. செபமாலை ஓடிக்கொண்டிருந்தது. அருள் நிறைந்த மரியே வாழ்க என்று ஆண்கள் பக்கம் தொடங்க, அர்ச்சிஷ்ட மரியாயே என்று பழைய வார்த்தையில் ஒரு கிழக்குரலும் தூய மரியே என்று மற்றவர்களும் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்து முடிக்க, அந்த இரைச்சலுக்கு அடியில் அவன் தன் வாக்கியத்தை இன்னொரு முறை உருட்டிப் பார்த்துக்கொண்டான். அடுத்த வாரம் எங்க வீட்டுல. நான்கே சொல். குழந்தைகள் தூக்கத்தில்கூடச் சொல்லிவிடும். மனசுக்குள் அவனும் எத்தனை வேகமாக வேண்டுமானாலும் சொல்வான், பாட்டாகக்கூடப் பாடுவான். ஆனால் மனசிலிருந்து வாய்க்கு வரும் வழியில்தான் பிறந்த நாளிலிருந்தே யாரோ பள்ளம் தோண்டிப் போட்டிருக்கிறார்கள். சொல் புறப்படும், தொண்டையில் சறுக்கும், நாக்கு மேலே போக வேண்டிய நேரத்தில் பக்கவாட்டில் போகும், கழுத்து திருகும், அவன் சொல்லாமலே வலது கை எழுந்து பக்கத்தில் இருப்பவர் முகத்தை நோக்கிப் போகும். எவ்வளவு ஆசையாகச் சொல்ல நினைக்கிறானோ அவ்வளவு இறுகும் உடம்பு. ஆசைப்படாதவன் மாதிரி இருந்தால்தான் அவன் உடம்பு கொஞ்சம் வழிவிடும். ஆசைப்படாதவன் எதற்குப் பேசப்போகிறான், அதையும் யோசிக்க வேண்டும்.

இந்தத் தெருக்காரர்களின் அன்பியக் கூட்டம் வாரம் ஒரு வீடு என்று சுற்றிவரும். செபம், கொஞ்சம் பைபிள், கொஞ்சம் ஊர்ப்பேச்சு, கடைசியில் டீ, சுண்டல். லில்லி டீச்சர் வீடு முடிந்தால் முறைப்படி அடுத்தது சந்துக்குள் இருக்கும் இன்னாசியின் வீடு. ஒவ்வொரு சுற்றிலும் முறை அந்தச் சந்து முனை வரை வரும். வந்து, குட்டையைக் கண்ட மாடு மாதிரி ஒதுங்கி, ஃப்ளோரா வீட்டுக்குப் போய்விடும். யாரும் வேண்டாம் என்று சொன்னதில்லை. அவங்களுக்கு எதுக்குச் சிரமம் என்பார்கள். மெட்டில்டா ஒத்தையா என்ன செய்வா பாவம் என்பார்கள். மெட்டில்டா அவனுடைய அக்கா. இந்தக் கூடத்தில் இருக்கும் பெண்களில் பாதிப் பேர் போட்டிருப்பது அவள் தைத்த ஜாக்கெட். அளவு கொடுக்க வருவார்கள், தைத்ததை வாங்க வருவார்கள், எல்லாம் வாசற்படி வரைக்கும்தான். உள்ள வாங்க என்றால், இருக்கட்டும்க்கா, அடுப்புல பால் வச்சிட்டு வந்திருக்கேன். திண்டுக்கல்லில் இத்தனை அடுப்பில் இத்தனை பால் எந்நேரமும் பொங்கிக்கொண்டே இருக்கிறதா என்ன. அக்கா இரண்டு சுற்று பார்த்தாள், மூன்றாம் சுற்றிலிருந்து கூட்டத்துக்கு வருவதை நிறுத்திவிட்டாள். நீ கேளுக்கா, என்று இன்னாசி ஒருநாள் பாதிச் சோற்றில் சொன்னபோது, அவன் வாயைத் துடைத்துவிட்டுக்கொண்டே, கேட்டு வாங்குறதுக்குப் பேரு விருந்தாடா, அவங்களா வரணும், இல்ல வரவே வேணாம், என்றாள். அவளிடம் வார்த்தை இருக்கிறது, கேட்கமாட்டாள். அவன் கேட்பான், வார்த்தை இல்லை. ஒரு வீட்டுக்கு இப்படி ஒரு பங்கீடு.

அதனால்தான் போன வாரம் முழுக்க அவன் அந்த வாக்கியத்தோடு கிடந்தான். அக்கா மிஷினை மிதிக்கும் சத்தத்தில் யாருக்கும் கேட்காமல் சொல்லிப் பார்ப்பதற்கு வசதி. ‘அடுத்த’வில் ‘டு’ வராது, ‘து’ என்றுதான் விழும், பரவாயில்லை. ‘வாரம்’ நடுவில் உடையும். ‘வீட்டுல’ என்பதுதான் கொலைகாரன், உதட்டைப் பல்லில் வைத்து உடனே நாக்கை மேலே மடிக்க வேண்டும், அந்த ஆசாமிகள் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் வேலைக்கு வந்ததே கிடையாது. ‘எங்க’ மட்டும் சுத்தமாக வந்தது. தொண்டையிலேயே பிறந்து தொண்டையிலேயே முடிகிற சொல், நாக்குக்கு வேலை இல்லை. மற்றது எல்லாம் சரிந்தாலும் ‘எங்க’ நிற்கும், அதைப் பிடித்துக்கொண்டு புரிந்துகொள்வார்கள் என்று கணக்குப் போட்டிருந்தான்.

அவன் காலடியில், நிலைப்படிக்கு உள்பக்கமாக ரெஜினா உட்கார்ந்திருந்தாள். இரண்டு பஸ் மாறி வருகிறாள். அவள் வேலை செய்யும் நிறுவனத்துக்கு இன்னாசி மாதிரி ஆட்களை வீட்டுக்குள்ளேயே முடங்கவிடாமல் ஊரோடு சேர்த்துவைப்பதுதான் வேலை. இவள் வரும் வரைக்கும் அவன் சன்னலுக்கு வெளியே தெரிந்த முருங்கை மரத்தையும் அதில் ஏறும் கம்பளிப்பூச்சியையும்தான் ஊர் என்று நினைத்துக்கொண்டிருந்தான். இந்த நாற்காலியை வாங்கித் தந்தவள் அவள். பங்குச் சாமியாரிடம் நடையாக நடந்து கோயிலில் சாய்தளம் போட வைத்தவளும் அவள். எல்லாம் அவனுக்குத் தெரியும். தெரிவதுதான் கஷ்டம். நன்றி என்பது மீன் முள் மாதிரி, துப்பவும் முடியாது விழுங்கவும் முடியாது. ஏனென்றால் அவன் வாயைத் திறந்த மறுகணம் அவன் வாக்கியத்தை அவள் முடித்துவிடுவாள். அவன் ‘சூ’ என்றால், சூடா இருக்குன்னு சொல்றாருங்க. அவன் சொல்லவந்தது சூசை அண்ணன் என்று. அவன் ‘ம’ என்றால், மகிழ்ச்சியா இருக்காராம். மனுஷன் மகிழ்ச்சி என்ற சொல்லை எங்கே பேசுவான், அவள் எழுதிக் கொடுக்கும் அறிக்கையில்தான் அந்தச் சொல் வரும். போன கிறிஸ்துமஸில் எல்லோரும் மேடையேற்றி அவனுக்குச் சால்வை போர்த்தினார்கள். இன்னாசி இங்க பாருங்க, சிரிங்க, என்று ரெஜினா போட்டோ எடுத்தாள். மேடைக்குக் கீழே மற்ற ஆண்கள் பெஞ்சு தூக்கிக்கொண்டும் ஒருவரையொருவர் திட்டிக்கொண்டும் இருந்தார்கள். அவன் அந்தத் திட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தான். அவனை யாரும் திட்டியதில்லை. சால்வை போர்த்திய மனுஷனை எப்படித் திட்டுவது.

செபமாலை முடிந்து, பைபிள் வாசகம் முடிந்து, லில்லி டீச்சர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிச் சேலை முந்தானையில் துடைத்தாள். இனி அறிவிப்பு. இன்னாசியின் கழுத்து நரம்பு அப்போதே இழுக்க ஆரம்பித்தது. வேண்டாம், ஆசைப்படாதே, சும்மா இரு, முருங்கை மரத்தை நினை. முருங்கை மரத்தை நினைத்தான், அம்மா ஞாபகம் வந்தது. அம்மா செத்த அன்றைக்கு வீடு நிறைந்திருந்தது. இந்தக் கூடத்தில் இருக்கும் அத்தனை பேரும் வந்திருந்தார்கள், சந்து முழுக்க நாற்காலி, உள்ளே பெண்கள், மிஷினைத் தூக்கி மூலையில் வைத்துச் சேலை போட்டு மூடியிருந்தார்கள். அவனுக்கு அழுகையோடு அழுகையாக ஒரு வெட்கங்கெட்ட சந்தோஷம் இருந்தது, அடேயப்பா நம் வீட்டில் இத்தனை பேர். யாரிடமும் சொல்லவில்லை, பாவசங்கீர்த்தனத்தில்கூடச் சொல்லவில்லை, சொல்ல முயன்றிருந்தாலும் சாமியார் வேறு பாவத்தை நினைத்து மன்னித்திருப்பார். பெட்டி போனதும் நாற்காலியும் போனது. அதன் பிறகு நிலைப்படி தாண்டி யாரும் வரவில்லை. அக்காவுக்கு இப்போது ரத்தக் கொதிப்பு, மாத்திரையை மறக்கிறாள், ஊசி கோக்கக் கண் தெரியவில்லை. ஒருநாள் அவளும் போவாள். அன்றைக்கும் நாற்காலி வரும், டீ வரும், பாவம் என்பார்கள், மறுநாள் நல்ல மனசோடு யாராவது போன் பண்ணி ஏதாவது ஓர் இல்லத்தில் இடம் பார்த்துத் தருவார்கள். இல்லம் என்றால் வீடு என்று பள்ளிக்கூடப் புத்தகத்தில் போட்டிருக்கும். அங்கே கட்டில் கட்டிலாகக் கிடப்பவர்களை அவன் ஒருமுறை ரெஜினாவோடு போய்ப் பார்த்திருக்கிறான். ஒருவன் அவன் நாற்காலிச் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. சாவு விழாத நாளிலும் சும்மா வந்து உட்கார்ந்துவிட்டுப் போன வீடாக இருந்தால்தானே, ஆளைக் காணோமே என்று ஒருவருக்காவது தோன்றும். நம் வீட்டில் ஒரு டீ குடிக்காதவனுக்கு நாம் இல்லாமல் போனது எப்படித் தெரியும்.

“அடுத்த வாரம் ஃப்ளோரா வீடு, சரியாம்மா ஃப்ளோரா?” என்றாள் லில்லி டீச்சர். அவ்வளவுதான், அந்த இடம் வந்து போயே விட்டது, பஸ் நிறுத்தத்தில் நிற்காமல் போகும் பஸ் மாதிரி. “சரிங்க டீச்சர்.” இன்னாசி வாயைத் திறந்தான். “அ… து…” கை எழுந்தது. ரெஜினா கையைப் பிடித்து மெல்ல மடியில் வைத்தாள், அந்தப் பிடியில் பாதி மூச்சு போனது. மிச்ச மூச்சில் அவன் தன் ஒரே நல்ல சொல்லைத் தள்ளினான். “எங்க…” சுத்தமாக, மணி அடித்தது மாதிரி வந்தது. கூடமே திரும்பிப் பார்த்தது. லில்லி டீச்சர் முகம் மலர்ந்தது. “எங்கன்னு கேக்குறாரு! ஃப்ளோரா வீட்டுலப்பா இன்னாசி! ஃப்ளோரா! வீட்டுல!” அவனுக்குக் காது நன்றாகக் கேட்கும் என்பதை இந்தத் தெரு என்றைக்குத்தான் நம்பும். அவன் தலையை ஆட்டினான், இல்லை என்றுதான் ஆட்டினான், அது எல்லாப் பக்கமும் ஆடியது. “எங்க… எங்க…” “பாருங்க, எவ்ளோ ஆர்வம்,” என்றாள் ரெஜினா. “வார வாரம் எங்க எங்கன்னு கேட்டுக்கிட்டே இருப்பாரு.” அவனுக்குத் தலை சுற்றியது. ஒரு வாரமாகக் கழுவித் துடைத்துக் கொண்டுவந்த சொல், அதற்கு இப்படி இன்னொரு அர்த்தம் இருப்பது எப்படித் தோன்றாமல் போனது. எங்க என்றால் எங்களுடைய. எங்க என்றால் எவ்விடம். வீடு உள்ளவனும் வழி தெரியாதவனும் ஒரே சொல்லைச் சொல்கிறார்கள். தமிழை உண்டாக்கியவன் மேல் அவனுக்கு ஆத்திரம் வந்தது, ரெஜினா மேல் வந்தது, மாடத்தில் சிரித்துக்கொண்டே நிற்பவள் மேல் வந்தது. ஆத்திரத்தில் கால் உதைத்தது. மிதிப்பலகையில் கால் மோதிய சத்தம் கேட்டதும் ஃப்ளோரா எழுந்து தண்ணீர்ச் செம்போடு வந்தாள். அவன் வாயை மூடிக்கொண்டான், தண்ணீர் சட்டையில் வழிந்தது. “தண்ணி இல்ல போல. பாத்ரூமா இருக்கும்,” என்று யாரோ ஆண் குரல். அத்தனை பேர் நடுவில். நாற்பதை நெருங்கிய மனுஷன். ரெஜினா எழுந்து நாற்காலியைப் பின்னுக்கு இழுத்தாள். கூடம் தூரமானது, ஜமுக்காளம் தூரமானது, அவன் வாசலுக்கு வெளியே செருப்புகளுக்கு மத்தியில் இருந்தான்.

“வருதா இன்னாசி?” என்று குனிந்து கேட்டாள் ரெஜினா. அவள் கண்ணுக்குக் கீழே கருவளையம். அவள் மாமியார் படுத்த படுக்கையாக இருப்பதும், இங்கிருந்து போய்த்தான் அவள் உலை வைக்க வேண்டும் என்பதும் அவனுக்குத் தெரியும். இதெல்லாம் தெரிந்த பிறகு அவள்மேல் நிம்மதியாகக் கோபப்படக்கூட வழியில்லை. “இ… ல்ல,” என்றான். “சரி, உள்ள போலாமா?” தலையசைத்தான். அவள் உடனே தள்ளவில்லை. ஒரு நிமிஷம் சுவரில் சாய்ந்து நின்றாள். “எனக்குத் தெரியுது, நீங்க ஏதோ சொல்றீங்க. எனக்குத்தான் புரிய மாட்டேங்குது. அவங்க எல்லாரும் பாத்துக்கிட்டே இருக்காங்களா, எனக்குப் பதட்டமாயிருது, எதையாவது சொல்லிர்றேன்,” என்றாள். இதை அவன் எதிர்பார்க்கவில்லை. இப்போது சொல்லலாமா என்று வாயைக் கூட்டினான். உள்ளேயிருந்து, மன்றாட்டு ஆரம்பிக்கப் போறோம் வாங்க, என்று குரல் வந்தது. அவள் நாற்காலியைத் திருப்பிவிட்டாள்.

மன்றாட்டு என்றால் ஆளாளுக்கு ஒரு வேண்டுதலை வாய்விட்டுச் சொல்வது. எல்லோரும் கண்ணை மூடியிருப்பார்கள். ஃப்ளோரா தன் மகனுக்கு வேலை கிடைக்க வேண்டினாள். ஆண்டவரே, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும், என்றார்கள் எல்லோரும். ஒருவர் மழைக்கு வேண்டினார், இன்னொருவர் வயிற்று வலிக்கு. சொல்கிறவர் திக்கினாலும் அழுதாலும் யாரும் குறுக்கே பேசுவதில்லை. அவர் முடிக்கும்வரை காத்திருக்கிறார்கள், கேட்பது கடவுள் என்பதால். இத்தனை வாரம் இது ஏன் கண்ணில் படவில்லை. இன்னாசிக்கு முதுகு வேர்த்தது. சாமியை ஏமாற்றுவது ஆகுமா. ஆனால் ஆகட்டும். எங்க வேண்டாம், அந்தச் சொல் துரோகி. என் வீடு என்று சொல்லலாமா, அது என்னவோ அக்காவைத் தள்ளிவைத்த மாதிரி இருக்கிறது. அப்போது, தேடாமலே, உதட்டுக்கு இன்னொரு சொல் வந்தது, இரண்டு உதட்டையும் சேர்த்தால் போதும் என்கிற சொல். ஒரு மன்றாட்டுக்கும் அடுத்ததற்கும் இடையில் விழுந்த அமைதிக்குள் அவன் இறங்கினான். “அ… து… த்த…” யாரும் அசையவில்லை. ரெஜினாவின் கை அவன் கையை நோக்கி வந்தது, பாதியில் நின்றது. “வா… ர… ம்…” எச்சில் வழிந்தது, வழியட்டும். தெருவில் ஒரு மோட்டார் சைக்கிள் போனது, அது போகும்வரை நிறுத்தினான். “ந… ம்ம… வீ… வீ… த்துக்கு… வா… ங்க.” வேர்வையில் நாற்காலியே நனைந்த மாதிரி இருந்தது அவனுக்கு. சொல்லிவிட்டான். அத்தனையும் சொல்லிவிட்டான். கண்ணை மூடியபடியே கூடம் மொத்தமும் ஒரே குரலில் சொன்னது: “ஆண்டவரே, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்.”

பிறகு லில்லி டீச்சர் மூக்கை உறிஞ்சினாள். “இயேசுவை வீட்டுக்குக் கூப்பிடுறாரு,” என்றாள் தழுதழுத்து. “நமக்கு இருக்கா இந்த விசுவாசம்?” உச் உச் என்று நாலு பக்கமும் சத்தம். ஃப்ளோரா கண்ணைத் துடைத்தாள். இன்னாசிக்கு ஓவென்று கத்த வேண்டும் போலிருந்தது, இனிமேல் இந்த ஆட்களிடம் என்னதான் சொல்வது, சொன்னால் சுரூபமாக்குகிறார்கள், சொல்லாவிட்டால் பாத்ரூமுக்குத் தள்ளுகிறார்கள்.

“இயேசுவை எங்க கூப்புட்டான்?” என்று சுவரோரத்திலிருந்து ஒரு கரகரப்பு. மாவு மில் வைத்திருக்கும் சூசை. தெருவில் அவரோடு சண்டை போடாதவர்கள் கிடையாது. இன்னாசியைப் பார்த்துச் சிரிக்காத ஒரே ஆளும் அவர்தான். அவருக்குத் தன்னைப் பிடிக்காது என்றே இன்னாசி நினைத்திருந்தான். “நம்மளைக் கூப்புடுறான். அடுத்த வாரம் அவங்க வீட்டுல வைக்கணுமாம். என்னாடா, அதான?” இன்னாசியின் தலை இந்த முறை பிசகாமல் மேலும் கீழுமாக ஆடியது. “அதெல்லாம் முடியாது,” என்றார் சூசை. “அந்தச் சந்துக்குள்ள மனுஷன் வருவானா? சாக்கடை மூடி ஒடஞ்சு கெடக்கு. உங்க வீட்டுல இத்தன பேருக்கு எடம் பத்தாது.” “ப… த்தும்,” என்றான் இன்னாசி. “பத்தாதுடா.” “ப… த்தும்!” “எப்பிடிடா பத்தும்? மிஷின் பாதி வீட்டை அடைச்சுக்கிட்டுல்ல கெடக்கு?” “மி… சின்… வெ… வெளி… ய…” சூசை முகத்தைச் சுளித்துக்கொண்டு காத்திருந்தார், தரகனிடம் பேரம் படியாதவர் மாதிரி. “…வை… ப்பம்.” “மழை பேஞ்சா?” என்றார் அவர். லில்லி டீச்சர் கண்ணாடியைப் போடாமல் கையிலேயே வைத்திருந்தாள். ரெஜினா வாயைத் திறந்தாள். இன்னாசிக்கு ஒரு கணம் உயிர் போய் வந்தது. அவள் உதட்டைக் கடித்து மூடிக்கொண்டாள். மழை பெய்தால் என்ன செய்வது என்று அவனுக்குமே தெரியவில்லை. யோசித்தான். நிஜமாகவே ஒரு பிரச்சினையைத் தன்னிடம் கேட்டிருக்கிறார்கள் என்பது யோசித்துக்கொண்டிருக்கும்போதுதான் உறைத்தது, உறைத்ததும் உடம்பு மறுபடி முறுக்கிக்கொண்டது. “ந… னை… யும்,” என்றான் கடைசியில். யாரோ சிரித்தார்கள். சூசை சிரிக்கவில்லை. “நனையும்கிறான்,” என்றார் எரிச்சலாக. “சரி, டீச்சர், அடுத்த வாரம் இவன் வீடு. ஃப்ளோராவைத் தள்ளி வையி. டேய், உங்கக்காகிட்டச் சொல்லிரு, எனக்கு டீயில சீனி போடக் கூடாது. சுகர் ஏறிக் கெடக்கு. மறந்துறாத.”

திரும்பும்போது ரெஜினா நாற்காலியைத் தள்ளினாள். ஓரிடத்தில், “நான் எதையும் எடுத்துச் சொல்லலைல?” என்று மட்டும் கேட்டாள். இன்னாசிக்குப் பதில் சொல்ல நேரமில்லை. அக்கா சத்தம் போடுவாள். கேட்டு வாங்கிட்டு வந்துட்டியா என்பாள். யாருடா உனக்கு ரோஷமில்லாமப் போகச் சொன்னது என்பாள். வீட்டுச் சுவரில் காரை பெயர்ந்த இடத்தைப் பார்ப்பாள், இருக்கிற டம்ளரை எண்ணுவாள். அவளுக்கு எந்த வாக்கியத்தை முதலில் வைப்பது. கூட்டம் என்று தொடங்கினால் முடிப்பதற்குள் அவளே முடித்துவிடுவாள், தப்பாக. சந்துக்குள் நாற்காலி குலுங்கியது, சாக்கடை மூடி நிஜமாகவே உடைந்துதான் கிடந்தது. இத்தனை நாள் அவன் பார்க்கவில்லை, அதையும் சரிபண்ணச் சொல்ல வேண்டும், இன்னும் எத்தனை சொல். நிலைப்படியில் ரெஜினா அவனை ஏற்றிவிட்டுப் பஸ்ஸுக்கு ஓடினாள். மெட்டில்டா நிமிராமல் மிஷினை மிதித்துக்கொண்டிருந்தாள், கழுத்துப்பட்டி வளைவு, நிறுத்தினால் கோணும்.

“சீ… னி…” என்றான் இன்னாசி.

“இருடா, வர்றேன். டீயா?”

“சீ… னி… வே… ணாம்.”

“நீதான் சீனி இல்லாமக் குடிக்க மாட்டியே.”

“எ… னக்… கில்ல.”

மிஷின் நின்றது. ஊசி துணிக்குள் இறங்கியபடி நிற்க, மெட்டில்டா அவன் பக்கம் திரும்பினாள்.

“பின்ன யாருக்கு?”